ஸ்கூட்டருக்குள் ஒயில் கேட்கும் இடமும் ஒயில் ஆகாத இடமும்



மாரி தொடங்க இன்னும் சில கிழமைகள்தான் இருக்கின்றன. கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய முதல், வீட்டில் ஸ்கூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு விசயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று ஸ்டாஃப் றூமில் பல நாளாகக் கதைத்துக்கொண்டிருந்தோம். பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

நாங்கள் மருதமுனை, கல்முனைப் பக்கமிருந்து நாவிதன்வெளி, மத்தியமுகாம் பக்கம் படிப்பிக்கப் போகிறவர்கள். நாலு ஸ்கூட்டர், ஒரு மோட்டார் சைக்கிள். மோட்டார் சைக்கிள்காரர் செயினுக்குக் கிழமைக்கொரு தடவை ஒயில் விடுவார். தொங்கினால் இறுக்குவார். செயின் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, காய்ந்தால் சத்தம் போடுகிறது, ஆகவே கவனிக்கிறார். ஸ்கூட்டரில் செயின் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை. "பார்க்க ஒண்டுமில்ல, பெற்றோலை அடிச்சிட்டு ஓட வேண்டியதுதான்" என்று சொல்லித்தான் கடையில் தருகிறார்கள். நாமும் அப்படியே நம்பிவிடுகிறோம்.

உண்மை என்னவென்றால், ஸ்கூட்டரிலும் செயினுக்குப் பதிலாக ஒன்று இருக்கிறது. இடது பக்கம் காலடியிலிருந்து பின் சக்கரம் வரைக்கும் நீளமான ஒரு மூடி இருக்கிறதே, அதற்குள்தான் எல்லாம். மூடி இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

போன வருசம் எங்களோடு வரும் கணித டீச்சர் ஒருவர், சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு முடித்துவிட்டு அஸருக்குப் பிறகு திரும்பி வரும்போது, வயல் வெளிக்கு நடுவில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. என்ஜின் வேலை செய்கிறது, ஆக்சிலேட்டரைத் திருகினால் உறுமுகிறது, சக்கரம் மட்டும் அசையவில்லை. உள்ளே பெல்ட் அறுந்திருந்தது. வயலுக்கு வந்திருந்த உழவு மெசின்காரர் ஒருவர் ஸ்கூட்டரைப் பெட்டியில் ஏற்றி மஃரிபுக்கு முதல் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார், அல்ஹம்துலில்லாஹ். அந்த மொடலுக்குரிய பெல்ட் பக்கத்துக் கடைகளில் இல்லை. வந்து சேர இரண்டு கிழமை. அறுந்த துண்டு சுற்றிக்கொண்டதில் கிளட்ச் பக்கத்துச் சாமானும் சேதம்.

அதை விடப் பெரிய சேதம் வேறு. அவருடைய வீட்டார் பயந்துவிட்டார்கள். "இனி பின்னேர வகுப்பு வேணாம் மகள், ஸ்கூல் விட்டதும் நேரே வந்திடுங்க" என்று உம்மா சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் தவணை முழுதும் கணித மேலதிக வகுப்பு இல்லாமல் போனது. ரியூசனுக்குக் கல்முனை வரக் காசும் பஸ்ஸும் இல்லாத பிள்ளைகள் அவர்கள். இத்தனைக்கும் அந்த ஸ்கூட்டருக்கு என்ஜின் ஒயில் தவணை தவறாமல் மாற்றப்பட்டே வந்தது. கராஜில் ஒவ்வொரு தடவையும் "சேர்விஸ் முடிஞ்சுது" என்றார்கள். இடது பக்க மூடியை வாங்கிய நாள் முதல் யாரும் கழற்றியதில்லை.

அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பாடசாலை விஞ்ஞானத்தில் வரும் கப்பிதான். முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி ஒரு றப்பர் பெல்ட். ஒவ்வொரு கப்பியும் எதிரெதிரே வைத்த இரண்டு தட்டுகளால் ஆனது. முன் கப்பிக்குள் சின்ன உருளைகள், பெரும்பாலான ஸ்கூட்டர்களில் ஆறு, இருக்கின்றன. இவைதான் ரோலர். என்ஜின் வேகமாகச் சுற்றும்போது ரோலர்கள் வெளிப்பக்கம் ஒதுங்கித் தட்டை நெருக்கும். பெல்ட் மேலே ஏறிப் பெரிய வட்டமாகும். பின் கப்பியில் அதே பெல்ட் ஸ்பிரிங்கை எதிர்த்து உள்ளே இறங்கிச் சின்ன வட்டமாகும். சைக்கிளில் கியர் மாற்றுகிற வேலை, நமக்குத் தெரியாமலே நடக்கிறது. பின் கப்பியோடு கிளட்ச் இருக்கிறது. வேகம் கூடினால் விரிந்து, சுற்றியிருக்கும் கிண்ணத்தைப் பிடிக்கும். அதற்குப் பிறகு சக்கரத்துக்கு முன்னால் சின்னதொரு கியர் பெட்டி.

தரம் 10 பிள்ளைகளுக்கு உராய்வு படிப்பிக்கிறோம். உராய்வு சில இடத்தில் உபத்திரவம், சில இடத்தில் அது இல்லாமல் நடக்கவே முடியாது என்று சொல்கிறோம். அந்தப் பாடம் இந்த மூடிக்குள் அப்படியே இருக்கிறது. கியர் பற்கள் உராயக் கூடாது, அங்கே ஒயில் வேண்டும். பெல்ட்டும் கிளட்சும் உராய்ந்தால்தான் வண்டி நகரும், அங்கே ஒரு சொட்டு ஒயிலும் படக் கூடாது.

மருதமுனையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் தையல் மெசினும் இருக்கும். சத்தம் வந்தால் எண்ணெய் விடு என்பதுதான் நமக்குத் தெரிந்த வைத்தியம். அதே பழக்கத்தில் ஸ்கூட்டர் கீச்சிட்டால் பெல்ட் பக்கம் கிரீஸ் பூசுகிறவர்களும், ஸ்பிரே அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்குச் சத்தம் அடங்கும். அடுத்த நாளிலிருந்து பெல்ட் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூடானால் வெடிக்கும். ஆகவே எங்கே விடுவது, எங்கே விடக் கூடாது என்பதைப் பிரித்து எழுதுகிறோம்.

ஒயில் கேட்கும் முதல் இடம், பின் சக்கரத்தோடு இருக்கும் கியர் பெட்டி. இதற்கு என்ஜின் ஒயிலிலிருந்து எதுவும் வராது. இரண்டும் வேறு வேறு அறைகள். என்ஜின் ஒயிலைப் பத்துத் தடவை மாற்றினாலும் கியர் ஒயில் பழையதாகவே இருக்கும். ஹொண்டா டியோ போன்ற 110 சீசி ஸ்கூட்டருக்கு ஏறக்குறைய 120 மில்லிலீற்றர்தான் போகும். ஒரு சின்னக் கோப்பை பிளேன்டி அளவு. சில கம்பனிகள் என்ஜினுக்கு விடும் அதே வகை ஒயிலைச் சொல்கின்றன, சில தனிக் கியர் ஒயிலைச் சொல்கின்றன. உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். புது வண்டி என்றால் முதல் சேர்விஸிலேயே மாற்றச் சொல்லுங்கள், புதுப் பற்கள் தேய்ந்த துகள் அதில்தான் கிடக்கும். அதன் பிறகு கையேடு சொல்லும் தூரத்தில். தாம்போதித் தண்ணீருக்குள்ளாலும் வயல் புழுதிக்குள்ளாலும் ஓடுகிற எங்களைப் போன்றவர்கள் வருசத்துக்கு ஒரு தடவை, மாரி முடிந்த கையோடு மாற்றிவிடுவது நல்லது.

மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்கூட்டர் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிற்க வேண்டும். கீழ் ஆணியைக் கழற்றிப் பழையதை வடிய விடுவார்கள். ஆணியோடு இருக்கும் வொஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அளவு பார்க்கும் துளை உள்ள வண்டியில், அந்தத் துளையின் விளிம்பால் ஒயில் வடியத் தொடங்கும்போது நிறுத்த வேண்டும். கூட விட்டால் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

வடிகிற ஒயிலே வண்டியின் நிலையைச் சொல்லும். பால் தேத்தண்ணி நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மினுமினுப்பாக இருந்தால் பல்லோ பெயாரிங்கோ தேய்கிறது. அளவு குறைந்து வந்தால் எங்கோ கசிகிறது. சக்கரப் பக்கத்துச் சீல் கசிந்தால் அந்த ஒயில் பின் பிரேக்குக்குள் போகும், பிரேக் பிடிக்காது. றிம்மில் ஒயில் பட்டிருப்பதைக் கண்டால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள்.

இரண்டாவது இடம், பின் கப்பியின் உட்பகுதி. ஒரு தட்டு மற்றதை நோக்கி நகர்ந்து நகர்ந்து வரும். அது வழுக்கி ஓடும் காடியிலும் உள்ளிருக்கும் பெயாரிங்கிலும் சூடு தாங்கும் கிரீஸ் கொஞ்சம் இருக்க வேண்டும். அது காய்ந்தால் தட்டு இறுகிவிடும், வண்டி இழுவை இல்லாமல் திணறும். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். அள்ளிப் பூசினால் சுழற்சியில் தெறித்துப் பெல்ட்டில் படும். கிரீஸை உள்ளே தடுத்து வைக்கும் சீல், றப்பர் வளையம் எல்லாவற்றையும் அதே நேரத்தில் மாற்றிவிடுவது நல்லது. இது வீட்டில் செய்யும் வேலை அல்ல, ஸ்பிரிங் அமுக்கத்தோடு இருக்கும். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மூன்றாவது, கிக் ஸ்டார்ட் தண்டு. கிக் அடித்தால் மிதி திரும்பி மேலே வராமல் நின்றுகொள்வதைப் பல வண்டிகளில் காணலாம். உள்ளே அந்தத் தண்டு காய்ந்திருக்கும். மூடியைத் திறந்த நேரத்தில் துடைத்து மெல்லிய கிரீஸ் வைத்தால் சரியாகும்.

இனி ஒயில் ஆகாத இடங்கள். பெல்ட், பெல்ட் படும் நாலு தட்டு முகங்கள், கிளட்ச், கிளட்சைச் சுற்றிய கிண்ணம். ரோலர்களும் இன்றைய ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் காய்ந்தே ஓட வேண்டியவை. கிரீஸ் வைத்தால் தூசி ஒட்டிக் களியாகி ஓட்டத்தைக் கெடுக்கும். இந்த இடங்களை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பெல்ட்டைப் பெற்றோலில் கழுவக் கூடாது. கிரீஸ் கையோடு பிடிக்கவும் கூடாது. மூடியைத் திறந்தபோது உள்ளே ஒயில் ஈரம் கண்டால், புதுப் பெல்ட் போட முதல் எந்தச் சீல் கசிகிறது என்று தேடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதுப் பெல்ட்டும் அதே வழியில் போகும்.

கிளட்ச் தேய்ந்த கரும்தூசியை வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் முகத்துக்கு நேரே அடிப்பதும் கராஜ் தம்பிமாரின் பழக்கம். அது நெஞ்சுக்குக் கூடாது. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அவர்களும் நம் பிள்ளைகள்தான்.

பெல்ட்டுக்கு ஆயுள் இருக்கிறது. பல கம்பனிகள் 20,000 முதல் 24,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கின்றன, இடையில் திறந்து பார்க்கவும் சொல்கின்றன. ஒரு கணக்குப் போடுவோம். போய்வர ஒரு நாளைக்கு 30 கிலோமீற்றர், வருசத்தில் 200 பாடசாலை நாள் என்று வைத்தால் 6,000. சந்தை, ஆஸ்பத்திரி, கலியாண வீடு, கருத்தரங்கு எல்லாம் சேர்த்து 8,000. மூன்று வருசத்தில் 24,000 வந்துவிடும். வாங்கி நாலு வருசமாகியும் மூடி திறக்காத ஸ்கூட்டரை நீங்கள் ஓட்டுகிறீர்கள் என்றால், பெல்ட்டின் தவணை முடிந்திருக்கிறது. ஓடுகிற வரைக்கும் ஓடும், எங்கே நிற்கும் என்று மட்டும் சொல்ல முடியாது.

வண்டி முன்கூட்டியே சைகை தரும். நிறுத்தி எடுக்கும்போது உதறினால் கிளட்சில் தூசி அடைந்திருக்கும், அல்லது அதன் முகம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகியிருக்கும். என்ஜின் சத்தம் கூடியும் வேகம் கூடவில்லை என்றால் பெல்ட்டோ கிளட்சோ வழுக்குகிறது. முன்னம் போன உச்ச வேகம் இப்போது வராவிட்டால் பெல்ட் தேய்ந்து ஒடுங்கியிருக்கலாம். முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்து ஓட்டம் விட்டுவிட்டு இழுத்தால் ரோலர் ஒரு பக்கம் சப்பையாகியிருக்கும். அதைக் கையில் எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தாலே விளங்கும். ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னாலிருந்து ஊளை வந்தால் கியர் ஒயிலையும் பெயாரிங்கையும் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடியும் சக்கரம் சுற்றாவிட்டால் பெல்ட் அறுந்திருக்கக் கூடும். அப்போது திருகித் திருகிப் பார்க்காமல் என்ஜினை நிறுத்துங்கள். அறுந்த துண்டு உள்ளே சுற்றிச் சுற்றி மற்றச் சாமானையும் உடைக்கும்.

மாரிக்கு வருவோம். இந்த மூடிக்குள் வெப்பம் வெளியேறக் காற்று போய்வர வழி இருக்கிறது. அந்த வழியால் வெள்ளத் தண்ணீரும் போகும். என்ஜின் நிற்காமல் கரையேறிவிட்டோம் என்று சந்தோசப்படுகிறோம், ஆனால் பெல்ட் நனைந்து வழுக்கத் தொடங்கியிருக்கும். அப்படியே அடித்து ஓட்டாதீர்கள். நடு ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்துக்குக் கிட்ட யாரும் நிற்காமல், மெதுவாகக் கொஞ்ச நேரம் சுற்ற விட்டால் ஈரம் காயும். தண்ணீர் அதிகம் ஏறியிருந்தால் அந்தக் கிழமைக்குள் மூடியைத் திறந்து உலர்த்திக் கியர் ஒயிலின் நிறத்தையும் பாருங்கள். தாம்போதியில் தண்ணீர் வேகமாகப் பாயும் நாளில் இறங்கவே வேண்டாம். அன்றைய லீவு உயிரை விடப் பெரிதல்ல.

ஓட்டும் விதத்திலும் தேய்மானம் இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்சிலேட்டரையும் திருகுவார்கள். கிளட்ச் பாதி பிடித்தபடி வெந்துபோகும். கடற்கரை மணலில் சக்கரம் புதைந்தால் திருகாமல் இறங்கித் தள்ளுங்கள். இரண்டு பிள்ளைகள், அரிசி மூட்டை, ஸ்கூல் பேக் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் ஏற்றுவது பிள்ளைகளுக்கும் ஆபத்து, பெல்ட்டுக்கும் பாரம்.

கராஜுக்குப் போனால் நாலு விசயம் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. விசயம் தெரிந்த கராஜ்காரர் கோபிக்க மாட்டார்.

1. கழற்றிய பழைய பெல்ட், ரோலரைக் கையில் தரச் சொல்லுங்கள். பெல்ட்டின் உட்பக்கத்தை வளைத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும்.

2. ரோலரை ஒன்றிரண்டாக மாற்றாமல், ஒரே நிறையில் முழுச் செட்டாகப் போடச் சொல்லுங்கள்.

3. பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசைக்கே போட வேண்டும். பின் கப்பியைப் பிளந்து பெல்ட்டை ஆழமாக இறக்கிய பிறகே முன் நட்டை இறுக்க வேண்டும். பெல்ட் இடையில் மாட்டிக்கொண்டால், இறுகியது போலத் தெரிந்த நட் ஓட்டத்தில் தளரும். தண்டின் பல்லே அழிந்துவிடும், அது பெல்ட்டை விடப் பல மடங்கு செலவு.

4. மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் ஒரு துண்டில் எழுதி சீற்றுக்குக் கீழே ஒட்டுங்கள். அடுத்த தடவை யாருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டியதில்லை.

வடித்த பழைய ஒயிலை வாய்க்காலிலோ வளவு மண்ணிலோ ஊற்ற விடாதீர்கள். நம் ஊர் மணல் மண், கிணறு கிட்ட, நிலத்தடி நீர் ஆழமில்லை. போத்தலில் சேர்த்துக் கராஜிலேயே கொடுத்துவிடுங்கள்.

செலவை நினைத்துத்தான் பலர் தள்ளிப் போடுகிறோம் என்பது தெரியும். சம்பளத்தில் பாதி கடனுக்குப் போகிறது. ஆனால் கியர் ஒயில் சில நூறு ரூபாய். கியர் பெட்டியோ கிளட்ச் செட்டோ போனால் பல ஆயிரம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் திறந்தது. நம் றோட்டில் ஓடும் ஸ்கூட்டரில் நிறைய அதற்கு முந்தியவை. இப்போது கடையில் புது வண்டியின் விலையைக் கேட்டுப் பார்த்தவர்களுக்கு, வீட்டில் நிற்கும் பழைய ஸ்கூட்டரின் பெறுமதி விளங்கும். 2022இல் கியூஆர் காட்டிக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். வழுக்கும் பெல்ட்டும் சப்பையான ரோலரும் அந்தப் பெற்றோலைத்தான் வீணாக்குகின்றன. வீண்விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பத்து வருசத்துக்கு முந்தி நம் ஊரில் பெண்கள் ஸ்கூட்டர் ஓடுவதை எத்தனை பேர் எப்படிக் கதைத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு நம் டீச்சர்மார், தாதிமார், கம்பஸ் போகும் பிள்ளைகள் அதில்தான் போய்வருகிறார்கள். ஒரு பெல்ட் அறுந்து ஒரு பெண் வழியில் நின்றால், வண்டிக்குக் குறை சொல்வதில்லை, "அப்பவே சொன்னம்தானே" என்று அவர்களுக்குத்தான் சொல்கிறார்கள். மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்த வாப்பாமார், மனைவிக்கு வாங்கிக் கொடுத்தவர்கள், ஹெல்மெட்டும் ஆவணமும் சரிபார்ப்பது போல இடது பக்க மூடியையும் வருசத்துக்கு ஒரு தடவை திறக்க வையுங்கள். ஓட்டுகிறவர்களும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை நின்று பாருங்கள். தெரிந்துகொண்டால் எந்தக் கராஜிலும் பயமில்லாமல் கதைக்கலாம்.

கணித டீச்சரின் ஸ்கூட்டருக்குப் புதுப் பெல்ட், புது ரோலர், புதுக் கியர் ஒயில் எல்லாம் போட்டாயிற்று. திகதித் துண்டும் ஒட்டியாயிற்று. இந்தத் தவணை செவ்வாய், வியாழன் பின்னேர வகுப்பை அவர்கள் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது எங்களில் ஒருவர் கூடவே வருகிறோம். உம்மாவும் ஓம் சொல்லிவிட்டார்.

ஸ்கூட்டர் ஓடும் உங்கள் ராத்தா, தங்கச்சி, மச்சிமாருக்கு இதை அனுப்பி வையுங்கள். எல்லோருடைய பயணத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானதாக ஆக்கட்டும்.